நெடுஞ்சாலையும் முன்வார்ப்புப் பலகையும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். சித்தூரை விட்டு வடக்கே சென்று, பூதலப்பட்டில் 140-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து, காதங்கி, சந்திரகிரி வழியாகச் செல்லும் இந்தச் சாலையில் நேயர்களிற் பலர் ஒரு முறையேனும் பிரயாணம் செய்திருப்பீர்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து திருமலைக்குச் செல்லும் யாத்ரிகர்கள் இதன் வழியே போகிறார்கள். திருப்பதிப் பக்கத்து நோயாளிகள் வேலூர் ஆஸ்பத்திரிக்கு இதன் வழியே வருகிறார்கள். ஒரே சாலைதான், ஒரு திசையில் வேண்டுதலும் மறு திசையில் வேதனையும் பயணம் செய்கின்றன.

இத்தகைய சாலையில் ஒரு பகுதி பழுதுபட்டால் அதனை எந்த மாதத்தில் அடைத்துச் செப்பனிடுவது? பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இக்கேள்வி எவ்வளவு சிக்கலானது என்பது விளங்கும். சித்திரை, வைகாசியில் பள்ளி விடுமுறை; திருமலையில் கூட்டம் அலைமோதும் காலம். ஜூன், ஜூலையில் சித்தூர் வட்டாரத்தின் மாம்பழப் பருவம். தோத்தாபுரி என்று அங்கு வழங்கும் நம் கிளிமூக்கு மாங்காய், லாரி லாரியாகச் சாறு பிழியும் ஆலைகளுக்குச் செல்லும். வெயிலில் ஒரு நாள் வழியில் நின்றாலும் பழத்தின் விலை இறங்கிவிடும். அந்த நட்டம் தோட்டக்காரர் தலையில் விழும். பிறகு புரட்டாசி. அம்மாதத்தில் தமிழ்நாட்டிலிருந்து போகும் கூட்டத்தைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. அதே சமயத்தில் பிரம்மோற்சவமும் வரும். அதையடுத்து வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை செல்லும் பக்தர்கள், அதையடுத்து வைகுண்ட ஏகாதசி, பின்னர்ப் பொங்கல். ஆண்டு முடிந்துவிட்டது!

ஆக, இச்சாலையை அடைப்பதற்கு மாதம் என்று ஒன்று இல்லை. இரவு ஒன்பது மணிக்குமேல் விடியற்காலை ஐந்து மணிவரையில் சில மணி நேரந்தான் கிடைக்கும். அந்தச் சில மணி நேரத்திற்குள் ஒரு கான்கிரீட் சாலையின் உடைந்த துண்டை எடுத்துவிட்டுப் புதுத்துண்டை வைத்து, பொழுது விடியும்போது வண்டிகளை விடமுடியுமா என்பதே இன்று உலகெங்கும் சாலைப் பொறியாளர்கள் ஆராயும் பிரச்சினை. முடியும் என்பதற்கு அவர்கள் காட்டும் வழி, முன்வார்ப்புக் கான்கிரீட் பலகை.

இந்த வழி ஏன் தேவைப்பட்டது என்பதை அறியக் கான்கிரீட்டின் சுபாவத்தைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். தார்ச்சாலையைப் பழுதுபார்ப்பது ஒப்புநோக்க எளிது. பழுதான மேற்புறத்தைச் சுரண்டி எடுத்து, சூடான தார்க்கலவையைப் பரப்பி, உருளை இயந்திரத்தால் அழுத்திவிட்டால், அது ஆறியதும் வண்டி ஓடலாம். ஆறுவது சில மணி நேர வேலை. கான்கிரீட்டோ ஆறுவதில்லை; இறுகுகிறது. சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்து இரசாயன மாறுதல் அடைந்து, ஜல்லியையும் மணலையும் பிணைத்துக் கல்லாகின்றன. இம்மாறுதல் மெதுவாக நடைபெறுவது. சாதாரணக் கலவை ஏழாம் நாளில் தன் முழு வலிமையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை அடைகிறது. இருபத்தெட்டாம் நாள் வலிமையையே கணக்குக்குரிய வலிமையாகக் கொள்வது வழக்கம். தொடக்க நாட்களில் அதனை ஈரம் காயாமல் காக்கவும் வேண்டும். வீடு கட்டியவர்கள் கூரைத்தளம் போட்டபின் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியது நினைவிருக்கும். அங்கே தளத்தின் மீது லாரி ஏறப்போவதில்லை, காத்திருக்கலாம். இங்கே லாரி வரிசையாக நின்று ஒலிப்பான் அடிக்கிறது.

சில மணி நேரத்திலேயே இறுகும் தனிவகைச் சிமெண்டுகளும் உள்ளன. அவற்றைக் கொண்டு இரவில் வார்த்து விடியுமுன் சாலையைத் திறப்பதும் பல நாடுகளில் நடைபெறுகிறது. ஆனால் அவசரமாக இறுகும் கலவை அவசரமாகவே கையாளப்பட வேண்டும். கலவை லாரி அரை மணி நேரம் தாமதித்தால் அது பாத்திரத்திலேயே கல்லாகும். சித்தூர், திருப்பதி போன்ற வெப்பப் பிரதேசத்தில் நள்ளிரவிலும் காற்று தணியாத மாதங்கள் உண்டு. அப்போது இவ்வபாயம் இன்னும் அதிகம். அன்றியும், இரவில் விளக்கொளியில், ஓடும் வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வார்க்கும் கான்கிரீட்டைப் பகலில் நிதானமாக வார்த்த கான்கிரீட்டோடு ஒப்பிட முடியாது.

இவ்விடத்திலேதான் ஓர் எளிய யோசனை பிறந்தது. கான்கிரீட் இறுக 28 நாள் வேண்டும் என்றால், அந்த 28 நாளைச் சாலையில் ஏன் கழிக்கவேண்டும்? வேறோரிடத்தில் கழித்துவிட்டு, இறுகி முடிந்த பலகையைச் சாலைக்குக் கொண்டுவந்தால் என்ன? களத்தில் எஃகு அச்சுகளை வைத்து, நிழலில், அளவு பார்த்துக் கலந்து வார்த்து, ஈரச்சாக்குப் போர்த்திப் பதப்படுத்தி, சோதனை செய்து, எண் இட்டு அடுக்கி வைக்கலாம். காலம் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. சாலையில் மிஞ்சுவது, பழையதை எடுத்துப் புதியதை வைக்கும் நேரம் மட்டுமே.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்கு இத்தகைய பொருள்களுக்குப் பெயர் வைப்பது எப்போதும் ஒரு தலைவலி. ‘முன்வார்ப்பு’ என்பது அகராதிகளில் ஏறிவிட்டது. பலகமா, பலகையா, தகடா, பாளமா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். நாம் பலகை என்றே எழுதுகிறோம். மரத்தாலானதுதானே பலகை என்று ஆட்சேபிப்பவர்கள், தமிழ் வீடுகளில் கல்லையும் பலகை என்று சொல்வதை நினைத்துப் பார்க்கலாம்.

பலகையின் அளவு யாது? நம் நெடுஞ்சாலைகளில் ஒரு வண்டித்தடத்தின் அகலம் 3.5 மீட்டர். கான்கிரீட் சாலைகளில் குறுக்கே சுமார் 4.5 மீட்டருக்கு ஒரு மூட்டு விடுவது வழக்கம். கான்கிரீட் சுருங்கும்போது கண்ட இடத்தில் வெடிக்காமல் அந்த மூட்டிலேயே பிரியட்டும் என்பதற்காக இது செய்யப்படுகிறது. ஆகவே சாலை என்பது ஒரே நீண்ட கல் அன்று. மூட்டுக்கு மூட்டு பிரிந்த கற்களின் வரிசை. ஒரு கல் பழுதானால் அதை மட்டும் எடுக்கலாம். 3.5 மீட்டர் அகலம், 4.5 மீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் கனம் உள்ள ஒரு பலகை ஏறக்குறைய 9½ டன் எடை இருக்கும். இரண்டு யானைகளைச் சேர்த்து நிறுத்தாலும் இந்த எடை அரிது. எனவே இது கூலியாட்கள் தோள்கொடுத்துத் தூக்கும் பொருளன்று. பாரந்தூக்கி இயந்திரம் இல்லாமல் இவ்வேலை நடவாது.

ஓர் இரவு வேலையை இனிப் பார்ப்போம். பழுதான துண்டின் எல்லையை முந்திய இரவுகளிலேயே வைரப்பற்கள் பதித்த வாளால் அறுத்து வைத்துவிடுவார்கள். குறித்த இரவில் தடத்தை அடைத்ததும், பழைய துண்டில் துளையிட்டுக் கொக்கிகளைப் பொருத்தி, பாரந்தூக்கியால் அப்படியே மேலே எடுப்பார்கள். சம்மட்டியும் உடைக்கும் இயந்திரமும் கொண்டு நொறுக்குவதைக் கூடியவரையில் தவிர்ப்பார்கள். நொறுக்கினால் அடியிலுள்ள படுகை குலைந்துவிடும். பிறகு படுகையைச் சீர்செய்து, மெல்லிய கல்தூளையோ மணல் சிமெண்டுக் கலவையையோ பரப்பி, இரு புறமும் கம்பிகளை வைத்து அவற்றின் மேல் நேர்கோலை இழுத்து மட்டம் பார்ப்பார்கள். பின் பலகை இறங்குகிறது. நாற்புறமும் விரலிடை அளவே இடைவெளி. பலகை அச்சு சில மில்லிமீட்டர் பிசகியிருந்தாலும், வாள் வெட்டு கோணலாகியிருந்தாலும், நள்ளிரவில் அது தெரிய வரும். அப்போது செய்வதற்கு ஒன்றும் இராது. கடைசியில் மூட்டுகளிலும் அடியிலும் சாந்து செலுத்தி நிரப்புவார்கள். சாந்து செலுத்துவதை மறுநாள் இரவுக்கு வைத்துக்கொண்டு, இடையில் ஒரு பகல் வண்டிகளை ஓடவிடும் முறைகளும் உண்டு. இவ்வேலையில் கைதேர்ந்த அமெரிக்கக் குழுக்கள் ஓரிரவில் ஒரு டஜனுக்கு மேற்பட்ட பலகைகளை மாற்றிவிடுகின்றன.

விரைவைக் கண்டு நாம் வியக்கிறோம். ஆனால் இம்முறையின் உயிர் விரைவில் இல்லை; பலகைக்கு அடியிலும் பலகைக்கும் பலகைக்கும் இடையிலும் இருக்கிறது. இதை வலியுறுத்திச் சொல்வதற்காகவே இவ்வளவு தூரம் வந்தோம்.

அடியை முதலிற் கவனிப்போம். சித்தூருக்கு வடக்கே இருப்பது கடப்பை மாவட்டம். அங்கிருந்து வரும் கடப்பைக் கல்லைத் தரையில் பாவுகிற கொத்தனாரை நேயர்கள் பார்த்திருக்கலாம். கல்லைச் சாந்தின் மேல் வைத்ததும் கரண்டிப் பிடியால் அங்கங்கே தட்டிப் பார்ப்பார். ‘டக், டக்’ என்று கெட்டியான ஓசை வந்தால் அடி நிறைந்திருக்கிறது. ஓரிடத்தில் ‘டொக்’ என்று ஓசை பொய்த்தால் அங்கே வெற்றிடம் உள்ளது. கல்லைப் பெயர்த்து மீண்டும் சாந்து இடுவார். இடாமற் போனால் அம்மூலையில் ஒரு நாள் அம்மிக்கல் விழ, கடப்பைக் கல் இரண்டாகும். நெடுஞ்சாலைப் பலகைக்கும் இதுவே விதி. அது எவ்வளவு வலிய கான்கிரீட்டாய் இருந்தாலும், அடி முழுவதும் பொருந்தி உட்காரும் வரையில்தான் அதன் வலிமை பயன்படும். ஒரு மூலையில் விரற்கனம் வெற்றிடம் இருந்தால், ஒவ்வொரு லாரியும் அந்த மூலையை அழுத்திச் செல்லும். மழை பெய்து தண்ணீர் அங்கே புகுந்துவிட்டால் இன்னும் கேடு. சக்கரம் ஏறும்போது தண்ணீர் சீறி வெளியேறும்; போகும்போது படுகையின் நுண்மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும். அடுத்த சக்கரத்திற்கு வெற்றிடம் சற்றுப் பெரிதாகியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பழுதாகும் கான்கிரீட் சாலைகளிற் பெரும்பாலானவை மேலிருந்து தேய்வதில்லை. இவ்வாறு அடியிலிருந்து காலியாகின்றன.

இதனாலேயே, பழைய துண்டு ஏன் உடைந்தது என்று கேளாமல் அதே குழியில் புதுப்பலகையை வைப்பது வீண். வடிகால் அடைபட்டு, தண்ணீர் தேங்கிப் படுகை கரைந்திருந்தால், களத்தில் வார்த்த அழகிய பலகையும் அதே இடத்தில் அதே விதமாக உடையும்.

வெயிலும் தன் பங்குக்கு ஒரு சோதனை வைக்கிறது. திருப்பதியில் கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். நண்பகலில் பலகையின் மேல்முகம் சூடேறி விரிகிறது. அடிமுகம் அவ்வளவு சூடேறுவதில்லை. ஆகவே பலகையின் நடுப்பகுதி கண்ணுக்குப் புலப்படாத அளவு மேலே வளைகிறது. இரவில் மேல்முகம் முதலிற் குளிர்ந்து சுருங்க, மூலைகள் மேலெழுகின்றன. அப்பளம் வெயிலில் காயும்போது ஓரம் தூக்குவதைப் போல என்று சொல்லலாம். ஆனால் இங்கே அசைவு மில்லிமீட்டர் கணக்கு. பலகை வைக்கும் வேலை நடப்பதோ இரவில், அதாவது மூலைகள் தூக்கியிருக்கும் வேளையில். அடியில் சாந்து செலுத்தும்போது மூலைகளை மறவாமல் நிரப்ப வேண்டும் என்று நூல்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

இனி மூட்டு. தனித்தனியே கிடக்கும் இரு பலகைகளில் ஒன்றின் ஓரத்தில் சக்கரம் ஏறினால் அது சற்றுத் தாழும், அடுத்தது தாழாது. இரண்டுக்கும் இடையே ஒரு படி உண்டாகும். அப்படியே விட்டால், காரில் செல்வோருக்கு மாட்டு வண்டிப் பிரயாணத்தை நினைவூட்டும் ‘தடக், தடக்’ ஒலி தொடங்கும். சில ஆண்டுகளில் ஓரங்கள் சிதையும். இதைத் தடுக்க இரண்டு பலகைகளையும் கம்பிகளால் இணைக்கிறார்கள். வேலைத்தலத்தில் இதற்கு டவல் கம்பி என்று பெயர். ‘டவல்’ என்றதும் தோளில் போடும் துண்டை நினைக்க வேண்டா. அது வேறு சொல். சுமார் அரை மீட்டர் நீளமும் 32 முதல் 38 மில்லிமீட்டர் வரை விட்டமும் உள்ள வழவழப்பான எஃகு உருளை அது. பலகையின் கனத்தில் நடுமட்டத்தில், 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வைப்பார்கள். பாதிக்கம்பி ஒரு பலகையிலும் பாதி மற்றதிலும் இருக்கும். இதன் வேலை இரட்டை வேலை. சக்கரத்தின் பாரத்தை ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்குக் கடத்த வேண்டும். ஆனால் வெயிலில் பலகைகள் விரிந்து சுருங்குவதைத் தடுக்கவும் கூடாது. ஆதலால் ஒரு பாதியில் சிமெண்டு பற்றாதபடி மேற்பூச்சோ உறையோ இட்டு, சறுக்க விடுவார்கள். தோளோடு தோள் கொடுக்கவேண்டும், கையைப் பிடித்து நிறுத்தக்கூடாது என்பது போன்ற உறவு இது.

சாலையிலேயே வார்க்கும் கான்கிரீட்டில் கம்பியை முன்பே வைத்துச் சுற்றிலும் வார்த்துவிடலாம். இறுகிப்போன பலகையில் அது இயலாது. ஆகவே பலகையின் ஓரத்தில் முன்கூட்டியே குடைவுகள் விட்டு வார்ப்பார்கள். பக்கத்துப் பழைய கான்கிரீட்டில் துளையிட்டுக் கம்பிகளை ஒட்டி நிறுத்தி, பலகையை இறக்கும்போது குடைவுகள் அக்கம்பிகளின் மேல் கவிழ்ந்து உட்காரும்படி செய்வார்கள். பின்பு குடைவுகளுக்குள் விரைவில் இறுகும் சாந்து செலுத்தப்படும். ஒரு குடைவில் சாந்து பாதியே நிரம்பினால் மேலே நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. சாலைக்குத்தான் தெரியும்.

இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. சோவியத் நாட்டில் விமான தளங்களுக்கும், சதுப்பு நிலங்களில் எண்ணெய்க் கிணறுகளுக்குச் செல்லும் பாதைகளுக்கும் முன்வார்ப்புப் பலகைகளை ஏராளமாகப் பயன்படுத்தினார்கள். 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 14 சென்டிமீட்டர் கனம் என்று அளவு நிர்ணயித்துத் தொழிற்சாலைகளில் வார்த்துத் தள்ளிய அப்பலகைகளை இன்றும் அந்நாடுகளிற் காணலாம். உறைபனிக் காலத்தில் கான்கிரீட் வார்க்க முடியாது என்பது அவர்களுடைய நெருக்கடி. அமெரிக்காவில் நெருக்கடி வேறு. அங்கே வண்டிப் பெருக்கம். 2001-ஆம் ஆண்டில் நியூயார்க் அருகே டாப்பன் ஜீ பாலத்துச் சுங்கச் சாவடியின் தளத்தைப் பலகைகளால் மாற்றினார்கள். இரவில் வேலை, காலையில் வண்டி. அதையொட்டிய காலத்திலேயே டெக்சாஸ் மாநிலத்தில் ஜார்ஜ்டவுன் என்ற ஊரருகே சுமார் 700 மீட்டர் நீளத்துக்கு, எஃகு வடங்களால் இறுக்கிப் பிணைத்த பலகைச்சாலை ஒன்றைப் போட்டு ஆராய்ந்தார்கள். ஜப்பானில் விமான நிலையங்களில் இம்முறை பழகிப்போன ஒன்று. இந்தோனேசியாவில் கான்சி, பெஜாகன் ஊர்களுக்கு இடையிலான சுங்கச் சாலையிலும் இத்தகைய பலகைகள் இடப்பட்டன.

நம் நாட்டில் இதன் முதல் சோதனை நடந்த இடம் சித்தூருக்குத் தொலைவில் இல்லை என்பது ஒரு சுவையான செய்தி. பெங்களூரிலிருந்து புறப்படும் பழைய மதராஸ் சாலை, கோலார், முளபாகல், பலமநேரி வழியாக, மொகிலிக் கணவாயில் இறங்கிச் சித்தூரை அடைந்து, அங்கிருந்து சென்னைக்குச் செல்வது. அதே சாலையின் பெங்களூர் முனையில், இந்திரா நகரை அடுத்த பின்னமங்கலத்தருகே, அரைக் கிலோமீட்டருக்கும் குறைவான ஒரு பகுதியில், 2022-ஆம் ஆண்டின் இறுதியில் முன்வார்ப்புப் பலகைகளை வரிசையாக அடுக்கி, எஃகு வடங்களால் இறுக்கிச் சாலை அமைத்தார்கள். ‘துரித சாலை’ என்று அதற்குப் பெயர். அவ்வாண்டு டிசம்பரில் கர்நாடக முதலமைச்சராயிருந்த பசவராஜ் பொம்மை அதனைத் திறந்து வைத்தார். வழக்கமான கான்கிரீட் மேற்போர்வையைவிட இதற்குச் சுமார் 30 சதவீதம் கூடுதலாகும் என்று அன்றைய செய்திகள் கூறின.

திறந்து சில வாரங்களுக்குள் அதன் மேற்பரப்பில் வெடிப்புக் கண்டதாகப் பத்திரிகைகள் எழுதின. உடனே ‘துரித சாலை துரிதமாகவே போயிற்று’ என்று கேலி பேசுவது எளிது. நாம் அவ்வாறு பேசமாட்டோம். ஒரு சிறு துண்டில் செய்த முதற்சோதனையைக் கொண்டு ஒரு முறையையே தள்ளிவிடலாகாது. டெக்சாஸிலும் முதலில் ஒரு சிறு துண்டையே போட்டு, அதை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. பெங்களூரில் மக்களுக்கு முதன்மையாகச் சொல்லப்பட்டது எத்தனை நாளில் முடிந்தது என்பதே. அடியில் என்ன சாந்து, மூட்டில் என்ன கம்பி, எவ்வாறு சோதித்தார்கள் என்பது அவ்வளவாகப் பேச்சில் வரவில்லை. விரைவைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பணியில் சோதனைக்கு நேரம் ஒதுக்குவதற்கு மனம் வருவதில்லை. வியாபாரப் பெயரில் ‘துரிதம்’ என்ற சொல் வந்துவிட்டால், மேஸ்திரி கரண்டிப் பிடியால் தட்டிப் பார்க்கிற அந்த அரைமணி நேரம் முதலில் பறிபோகும்.

சித்தூர், திருப்பதிச் சாலைக்கு இம்முறை எவ்விடத்தில் பொருந்தும்? எங்கும் பொருந்தாது என்பதையும் எவ்விடத்தும் பொருந்தும் என்பதையும் நாம் சொல்லவில்லை. தார்ப்பரப்பில் விழும் குழிகளுக்கு இது மருந்தன்று. அதற்குத் தாரே போதும். சுங்கச் சாவடிகள் இதற்கு நல்ல இடம். நெடுஞ்சாலை தாரால் ஆனதாயினும் சுங்கச் சாவடியின் தளம் கான்கிரீட்டாலேயே இருக்கவேண்டும் என்பது நம் நாட்டுச் சாலைப் பணிகளில் ஏற்பட்ட விதி. லாரிகள் அங்கே நின்று நின்று நகர்கின்றன. நிற்கும் பாரத்தின் கீழ்த் தார் பிதுங்கும். வண்டிகளிலிருந்து சொட்டும் எண்ணெயும் டீசலும் தாரை இளக்கும். ஆகவே கான்கிரீட். ஆனால் அங்கே ஒரு தடம் பழுதானால், அதை ஒரு மாதம் மூடிவைத்தால், புரட்டாசிச் சனிக்கிழமையன்று வரிசை எவ்வளவு தூரம் நீளும் என்பதைக் காதங்கிச் சாவடியைக் கடந்து போனவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். (காதங்கி என்றதும், வானத்தின் உயர் அடுக்குகளை ஆராயும் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடமும் அந்த ஊரில்தான் இருக்கிறது என்பதைச் சொல்லி வைக்கிறோம். மேலே பார்க்கிற விஞ்ஞானமும் கீழே பார்க்க வேண்டிய விஞ்ஞானமும் ஒரே ஊரில்!) பேருந்து நிலைய முகப்புகள், ஊர் நடுவேயுள்ள சந்திகள், பாலத்தை அணுகும் இடங்கள் ஆகியவற்றிலும் கான்கிரீட் தளம் உள்ளவரை இதே நியாயம் பொருந்தும்.

மலைப்பாதை வேறு. திருமலைக்கு 1944-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதையும், 1970-களில் அமைந்த இரண்டாம் பாதையும் இருக்கின்றன. பொதுவாக ஒன்று இறங்க, ஒன்று ஏற. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையில் இரண்டும் பாதிக்கப்பட்டன. டிசம்பர் முதல் தேதி ஏறு பாதையில் பெரும் பாறைகள் உருண்டு விழுந்து, சாலையையும் தடுப்புச் சுவர்களையும் உடைத்தன. பழுது சீராகும் வரையில் இறங்கும் பாதையே ஏறுவோருக்கும் உதவ வேண்டியதாயிற்று. இத்தகைய இடத்தில் பலகையைப் பற்றிப் பேசுவதில் பொருள் இல்லை. சாலையைத் தாங்கும் சுவரும் சரிவும் போய்விட்டபோது, மேலே வைக்கும் பலகை எதன்மேல் உட்காரும்? கொண்டையூசி வளைவுகளில் 9½ டன் பலகையை ஏற்றிய நீண்ட வண்டியும் பாரந்தூக்கியும் திரும்புவதும் எளிதன்று. அங்கே முதலில் மலையைக் கட்டவேண்டும், சாலை பிறகு.

செலவைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று பார்த்தால் பலகை முறை அதிகந்தான். அச்சு, களம், பாரந்தூக்கி, நீண்ட வண்டி ஆகிய யாவும் செலவு. பத்துப் பலகை மாற்றுவதற்காக ஒரு சிறு ஒப்பந்தக்காரர் இவற்றையெல்லாம் தேடிச் சேர்ப்பது ஆகாத காரியம். ஆனால் சாலையில் காத்து நின்ற லாரியின் டீசலும், ஆலை வாசலில் அழுகிய மாங்காயும், நேரத்தில் ஆஸ்பத்திரி சேராத நோயாளியும் எந்த ஒப்பந்தப் பட்டியலிலும் எழுதப்படுவதில்லை. எழுதப்பட்டால் கணக்கு வேறு விதமாகத் தோன்றும்.

நம் அபிப்பிராயத்தில், சாலையை நிர்வகிப்பவர்களே பலகைகளை வார்த்துக் கையிருப்பில் வைப்பது தகும். தடத்தின் அகலம் பெரும்பாலும் 3.5 மீட்டர் என்று நிலைத்திருப்பது இதற்கு அனுகூலம்; ஒரே அச்சில் வார்த்தது பல இடங்களுக்குப் பொருந்தும். கனம் மட்டும் சாலைக்குச் சாலை மாறும். மருந்துக் கடையில் மருந்து இருப்பது போல், சுங்கச் சாவடிக்கு அருகே ஒரு களத்தில் இருபது முப்பது பலகைகள் மரக்கட்டைகளின் மேல் அடுக்கி வைக்கப்பட்டிருக்கட்டும். கோடை மழை ஓய்ந்ததும் ஒரு முறை தளம் முழுவதையும் தட்டிப் பார்த்து, ஓசை பொய்த்த துண்டுகளுக்கு எண் இடவேண்டும். வடிகால்களை அப்போதே தூர்வார வேண்டும். ஆனி முடிவதற்குள் வார்ப்பு முடிந்தால், ஆடி முழுவதும் பலகைகள் ஈரத்தில் கிடந்து இறுகும். ஆவணியில் மாங்காய் லாரிகள் ஓய்ந்திருக்கும். புரட்டாசிக் கூட்டம் தொடங்கியிராது. அந்த இடைவெளியில் கிடைக்கும் சில இரவுகளே இவ்வேலைக்கு உரியவை.